இருபத்துமூன்று பாட்டிலுக்கும் ஒரே வாசனை

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று யாராவது கேட்டால், "வர்றவங்க போறவங்களைப் பெல்ட்டைக் கழட்டச் சொல்ற வேலை" என்பாள் ட்ரே அக்கா. கேட்டவர் முகம் போகிற போக்கை ஒரு நிமிஷம் நன்றாக அனுபவித்துவிட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாள். விமான நிலையத்தில், பயணிகளின் கைப்பைகளைச் சோதிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. ட்ரேக்களை எடுத்து நீட்டுவதும், பெல்ட், செல்போன், காலணி எல்லாவற்றையும் அதில் வைக்கச் சொல்வதும், காலி ட்ரேக்களை மறுமுனையிலிருந்து அடுக்கித் தள்ளிக்கொண்டு வருவதும்தான் அது. அங்கே வேலை செய்கிற தமிழ் ஆட்கள் வைத்த பெயர் ட்ரே அக்கா. சொந்தப் பெயர் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருக்கிறது; அந்த ஊர்க்காரர்கள் அதைத் தப்பாகத்தான் படிப்பார்கள்.

ட்ரே போக இன்னொரு பொறுப்பும் உண்டு. நூறு மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் எந்தத் திரவமும் கைப்பையில் போகக் கூடாது; சின்ன பாட்டில்களானாலும் ஒரு குட்டிப் பையில் அடங்குகிற அளவுக்கு மேல் கூடாது என்பது விதி. தெரியாமல் கொண்டு வருகிறவர்கள், தெரிந்தும் 'விட்டுடுவாங்க' என்று கொண்டு வருகிறவர்கள், எல்லாரும் அந்த இடத்தில் பாட்டிலைப் பறிகொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பறிப்பது சீருடை போட்ட அதிகாரி. வாங்கி நீல டிரம்முக்குள் போடுவது ட்ரே அக்கா. ஷாம்பு, பற்பசை, முகத்துக்கு ஒரு கிரீம், உடம்புக்கு ஒரு கிரீம், பாதத்துக்கென்றே தனியாக ஒரு கிரீம், செண்ட். பாதிக்கு மேல் சீல் உடைக்காதவை. ஷிப்ட் முடிகிறபோது டிரம்மை எடை போட்டு, எடையைப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அழிக்க அனுப்பிவிடுவார்கள். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்தாலும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

ஆறு வருஷமாக அவள் அந்த டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு சொட்டு எடுத்ததில்லை. இதில் என்ன பெரிய பெருமை என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த ஊரில் ஒரு ஷாம்பு என்ன விலை என்று தெரியாமல் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

வந்த புதிதில் அவளுக்கும் தெரியாது. ஊரில் மருந்துக் கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். கணவர் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். அவர் பட்டறை ஒரு நாள் தீப்பிடித்து, இருந்ததெல்லாம் போய், ஏஜென்சி மூலமாக அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது. "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பெட்டியில் மூன்று மாதத்துக்குச் சோப்பு, இரண்டு பேஸ்ட், ஒரு ஷாம்பு வைத்துக்கொண்டாள். மற்றதை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், சோப்பு கிடைக்காத ஊரா என்று ஒரு தைரியம்.

சோப்பு கிடைத்தது. நான்காம் மாதம் கடைக்குப் போய்ப் பற்பசையை எடுத்து, விலையைப் பார்த்து, மனசுக்குள் நம்ம காசுக்கு மாற்றினாள். தப்பாகப் பெருக்கிவிட்டோமோ என்று மறுபடியும் பெருக்கினாள். இரண்டாம் தடவை இன்னும் கூடத்தான் வந்தது. ஷாம்பு இருந்த வரிசைக்குப் போனபோது தலையே சுற்றியது. ஊரில் இவள் கையால் கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்த சரக்கெல்லாம் அங்கே கண்ணாடி அலமாரிக்குள் நகை மாதிரி உட்கார்ந்திருந்தது. மாதவிடாய்க்கு வேண்டிய நாப்கின் அடுக்கின் முன்னால் நின்றபோது அழுகை வந்துவிட்டது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னங்க, இங்க ஒரு பேஸ்ட் வாங்கற காசுல நம்ம வீட்டு கரண்ட் பில்லைக் கட்டிடலாம்" என்றாள் போனில்.

"அதுக்காகப் பல்லு விளக்காம இருந்துடாத" என்றார் கணவர். "நீ ட்ரே நீட்டும்போது பிளேனு ஏற வந்தவங்க திரும்பி வீட்டுக்கு ஓடிடுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. துணி துவைக்கிற தூளைக் கரைத்துத் தலைக்குக் குளித்துப் பார்த்தாள். முடி தேங்காய் நாராக ஆனதுதான் மிச்சம். தீர்ந்துபோன பேஸ்ட் குழாயைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி, உள்பக்கம் ஒட்டியிருந்ததை வழித்தாள். அதில் ஒரு வாரம் ஓடியது. அப்படி வழித்தெடுத்துப் பல் விளக்கிவிட்டு வேலைக்கு வந்து, சீல் உடையாத பேஸ்ட்டுகளை டிரம்முக்குள் போட்டுக்கொண்டிருப்பாள். கை தயங்காதா என்றால், தயங்கத்தான் செய்தது. ஒரு நாள் இவள் மருந்துக் கடையில் விற்ற அதே பேஸ்ட், அதே சிவப்பு டப்பாவோடு வந்து சேர்ந்தது. கையில் வைத்துக்கொண்டு இரண்டு விநாடி கூடுதலாக நின்றாள். சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை. 'தூக்கிப் போடறதுக்குத்தான் சம்பளம், எடுத்துக்கறதுக்கு இல்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போட்டாள். சொன்ன வார்த்தை அவளுக்கே பிடித்துப்போனது. அதற்கப்புறம் எத்தனை செண்ட் பாட்டில் வந்தாலும் கை தயங்கவில்லை.

ஆனால் தலைக்குக் குளித்துத்தானே ஆக வேண்டும். அங்கேதான் மருந்துக் கடை மூளை வேலை செய்தது. ஊரில் இருமல் மருந்தைப் பெரிய ஜாடியிலிருந்து சின்ன சின்ன பாட்டிலுக்கு மாற்றி விற்ற கை அது. அழகு நிலையங்களுக்குச் சரக்கு விற்கிற மொத்தக் கடை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஐந்து லிட்டர் ஷாம்பு கேன், பச்சை ஆப்பிள் வாசனை, அளவுக்கு அளவு பார்த்தால் கடையில் பாட்டிலாக வாங்குகிற விலையில் கால்வாசிக்கும் கீழே. ஒரே சிக்கல், கேன் முழுவதையும் ஒருத்தியே வாங்கினால் அந்த மாதம் பட்டினிதான். ஆகவே ஆள் சேர்த்தாள்.

சேர்ந்தவர்கள் நாலு பேர். சக்கர நாற்காலி தள்ளுகிறவள் ஒருத்தி. முழங்காலைத் தொடுகிற முடி அவளுக்கு, அதனால் 'கூந்தல்'. விமான நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள் இன்னொருத்தி. இதே ஷாம்பு விலைக்குப் பயந்து முடியை ஒட்ட வெட்டிக்கொண்டவள், அதனால் 'கிராப்பு'. மற்ற இருவரும் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவுகிற அக்கா தங்கை. எல்லாருக்கும் வேறு வேறு விடுதி, வேறு வேறு பேருந்து. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கூடுகிற இடம் ஒன்றுதான். மதியம் இரண்டு மணிக்கு, ஊழியர் வாசலுக்கு வெளியே இருக்கிற பேருந்து நிறுத்தம்.

பாட்டிலுக்கும் காசு செலவழிக்கவில்லை. கிராப்பின் ஓட்டலில் பல ஊர்களைச் சுற்றிவிட்டு வருகிற விருந்தினர்கள், வேறு வேறு ஓட்டல்களில் கொடுத்த குட்டிக் குட்டி பாட்டில்களைக் காலி செய்து குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் காலி பாட்டில்களை எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் தன் மேலாளரிடம் கேட்டு, "குப்பைக்கு எதுக்கு அனுமதி?" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு எடுத்து வருவாள். ட்ரே அக்கா அவற்றைச் சுடுதண்ணீரில் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, மருந்து அளக்கிற குவளையால் நாற்பது மில்லி அளந்து ஊற்றுவாள். ஆளுக்கு மாதம் ஐந்து பாட்டில். அடியில் சின்ன காகிதம் ஒட்டி, தமிழில் பெயர் எழுதுவாள்.

முதல் மாதமே சண்டை வந்தது. கூந்தலுக்கு ஐந்து பாட்டில் பத்து நாள்கூட வரவில்லை.

"என் தலைக்கு இது எந்த மூலைக்கு அக்கா?" என்றாள் அவள்.

"அதுக்கு நாங்க என்ன பண்றது? வெட்டிக்கோ, என்னை மாதிரி" என்றாள் கிராப்பு.

"உனக்கு எதுக்கு அஞ்சு பாட்டிலு? உன் தலையை ஈரத் துண்டால தொடச்சாலே போதுமே."

ட்ரே அக்கா நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னாள். கூந்தலுக்கு மட்டும் மூன்று பாட்டில் கூடுதல். அதற்குக் காசும் கூடுதல். "முடியும் வேணும், மூணு பாட்டிலும் வேணும்னா அதுக்கு உண்டானதைக் குடு" என்றாள். ஆக நாலு பேருக்கு ஐந்தைந்து இருபது, கூந்தலுக்கு மேலே மூன்று. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்படியே வருஷங்கள் ஓடின. ரெண்டே வருஷம் என்றது நாலாகி, ஆறாகியது. பட்டறையைக் கணவர் மறுபடி நிமிர்த்திக்கொண்டிருந்தார். மகளை வாரம் ஒரு தரம் போன் திரையில்தான் பார்த்தாள். தோள்வரை இருந்த முடி முதுகுக்கு வந்து, இடுப்புக்கு வந்தது. அந்த முடியை ஒரு தரம்கூட இவள் அலசி விட்டதில்லை. அது மட்டும் அவளால் தாங்க முடியாத விஷயமாக இருந்தது. கூந்தலின் பங்கை அளந்து ஊற்றுகிறபோதெல்லாம் நினைப்பு மகளின் தலைக்குப் போய்விடும்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வர ஒரே வழி, வேலை நிரந்தரமாவது. ஒப்பந்த ஆட்களுக்குக் குடும்ப அனுமதி கிடையாது. வருஷத்துக்கு இரண்டே இரண்டு பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். ஆறு வருஷச் சர்வீஸ் வேண்டும். ஊழியர் பதிவேட்டில் ஒரு குறைகூட எழுதப்பட்டிருக்கக் கூடாது. அந்த வருஷம் அவளுக்கு இரண்டும் சரியாக அமைந்திருந்தது. பட்டியல் செவ்வாய்க்கிழமை காலையில் மேலிடத்துக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். கணவரிடம்கூட அவள் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் மகளுடைய பள்ளிச் சான்றிதழ்களை எடுத்துத் தனியாக வைக்கச் சொல்லியிருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, மாதத்தின் முதல் திங்கள். ஷாம்பு பங்கு போடுகிற நாள். இருபத்துமூன்று பாட்டிலையும் ஒரு துணிப்பையில் போட்டுக் காலையிலேயே கொண்டுவந்து லாக்கரில் வைத்திருந்தாள். லாக்கர் அறை ஊழியர் சோதனைக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. அங்கே என்ன வைத்தாலும் விதிக்கு விரோதமில்லை. ஐந்து வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் முன்பு வந்த புதுச் சூப்பர்வைசருக்கு இதெல்லாம் தெரியாது. அந்த ஊர்க்காரர், சின்ன வயசு, புது விளக்குமாறு வேகம். போன மாதம் மூன்று தடவை, அழிக்கிற இடத்தில் போட்ட நீல டிரம்மின் எடை புத்தகத்தில் எழுதிய எடையைவிடக் குறைந்திருந்தது, யாரோ எடுக்கிறார்கள். அவர் யாருக்கும் சொல்லாமல் லாக்கர்களைத் திறந்து பார்த்தார். ட்ரே அக்காவின் லாக்கரில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் இருபத்துமூன்று குட்டி பாட்டில்கள், பத்துப் பதினைந்து விதம். ஒன்றில் யானைப் படம், ஒன்றில் மூங்கில், ஒன்றில் கிரீடம். பார்க்கிற யாருக்கும் என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே முக்காலுக்கு அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் பதிவேடு திறந்திருந்தது. அவள் பெயருக்கு எதிரே, மை காயாமல், இரண்டு வரி. நேர் எதிரே மகளின் முகம் வந்து நின்றது.

அந்த ஊர்ப் பேச்சில் நீ, நீங்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆனால் அவர் கேட்ட தோரணையை நம் பேச்சில் போட்டால் இப்படித்தான் வரும்:

"இதெல்லாம் உனக்கு எங்கேருந்து வந்துது?"

"என்னுது சார்."

"இருபத்துமூணு பாட்டிலா? ஒரு தலைக்கா?"

"அஞ்சு தலைக்கு சார். என் பங்கு விடுதியில இருக்கு. இது மத்த நாலு பேருக்கு."

"ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு ஓட்டல் பேரு இருக்கு. ஒவ்வொரு பயணிகிட்ட இருந்து எடுத்ததுன்னு பாத்தாலே தெரியுது."

அவள் கேன் கதையைச் சொன்னாள், குப்பைக் கூடைக் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. நல்ல கதையாக இருக்கிறது என்று அவர் உதட்டோரம் சொன்னது. அந்த உதட்டைப் பார்த்ததும் ட்ரே அக்காவுக்குப் பயமெல்லாம் எங்கேயோ போய், கோபம் வந்தது. ஆறு வருஷம் கத்தரிக்கோலால் பேஸ்ட் குழாயை வெட்டினவள். டிரம் டிரம்மாகத் தூக்கிப் போட்டவள். அவளைப் போய்.

"திறந்து மோந்து பாருங்க சார்" என்றாள்.

"என்ன?"

"ஒவ்வொண்ணா மூடியைத் திறந்து மோந்து பாருங்க. நான் இங்கயேதான் நிக்கறேன்."

அவர் ஒன்றைத் திறந்தார். பச்சை ஆப்பிள். இரண்டாவது, பச்சை ஆப்பிள். யானை, மூங்கில், கிரீடம், எல்லாம் பச்சை ஆப்பிள். ஒன்பதாவதில் தும்மினார். பன்னிரண்டாவதோடு நிறுத்தப் பார்த்தார்.

"இன்னும் பதினொண்ணு இருக்கு சார்" என்றாள் அவள்.

பதினொன்றையும் மோந்தார். கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டிரம்முல இருந்து எடுத்திருந்தா இருபத்துமூணு பேரோட பாட்டிலு. ஆளுக்கு ஒரு வாசனை அடிக்கணும். இருபத்துமூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே ஷாம்புவைக் கொண்டு வருவாங்களா? எடைப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்க. எடை குறைஞ்ச மூணு நாளும் என் ஷிப்ட்டு எதுன்னு பாருங்க."

புத்தகம் வந்தது. அந்த மூன்று நாளில் இரண்டு நாள் அவளுக்கு வார விடுமுறை, ஒரு நாள் வேறு வாயிலில் வேலை. அவர் புத்தகத்தை மூடினார். எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நமக்கு அது வேண்டாம்.

"சரி, நீ போகலாம். பாட்டில்களை எடுத்துக்கோ" என்றார்.

அவள் போகவில்லை.

"பதிவேட்டுல எழுதினது சார்?"

"அதை விடு. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்க சார். ஆனா லிஸ்ட் போடறவங்க உங்களைப் பாக்க மாட்டாங்க, அந்தப் புத்தகத்தைத்தான் பாப்பாங்க."

பதிவேட்டில் எழுதியதை அடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. திருத்தி எழுதினால் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் கூட்டத்தில் இருக்கிறார், நாளைக்கு வா என்றார். நாளைக் காலையில்தான் பட்டியல் போகிறது.

"நான் நிக்கறேன் சார்" என்றாள் ட்ரே அக்கா.

ஆறு வருஷத்தில் எந்த அதிகாரியிடமும் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. சுவரோரமாக, ட்ரே வரிசையில் எப்படி நிற்பாளோ அப்படியே கை கட்டாமல் நிமிர்ந்து நின்றாள். இரண்டு பத்துப் பேருந்து போயிற்று. இரண்டே முக்கால் பேருந்தும் போயிற்று.

வாசலில் காத்திருந்த நாலு பேருக்கும் விஷயம் எட்டிவிட்டது. ஒருத்தியும் பேருந்து ஏறவில்லை. மேலே வந்து அலுவலக நடையில் வரிசையாக நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கத்தவும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்து அக்கா தங்கை இருவர் கையும் தட்டுக் கழுவிச் சுருங்கிப்போய் ஈரமாக இருந்தன. சூப்பர்வைசர் வெளியே எட்டிப் பார்த்து, "இவங்கதான் அந்த நாலு தலையா?" என்றார்.

"ஆமாம் சார். ஆளுக்கு அஞ்சு. இவளுக்கு மட்டும் எட்டு."

"ஏன் எட்டு?"

கூந்தல் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடி சரிந்து முழங்கால்வரை விழுந்தது. உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் கை நின்றது. சூப்பர்வைசர் அந்த முடியைப் பார்த்தார், கிராப்பின் தலையைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த பாட்டில்களை இன்னொரு தரம் எண்ணினார்.

"நாலஞ்சு இருபது, மேல மூணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதோடு அவர் மனசு இறங்கிவிட்டது. தானே எழுந்து போய், கூட்டத்திலிருந்து மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மேனேஜர் வயசானவர். எல்லாவற்றையும் கேட்டார், தானும் இரண்டு பாட்டிலை மோந்து பார்த்தார், "எழுது" என்றார். சூப்பர்வைசர் எழுதினார். மேனேஜர் பேனாவை எடுக்கப் போனபோது, "ஒரு நிமிஷம் சார், நான் படிச்சுப் பாக்கறேன்" என்றாள் ட்ரே அக்கா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஒப்பந்த ஆட்களில் அந்த ஊர் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் கிடையாது. இவளுக்குத் தெரியும். டிரம்மில் போடுகிற ஒவ்வொரு பாட்டிலின் மேலும் எழுதியிருப்பதை, போடுவதற்கு முந்தின அந்த ஒரு விநாடியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். எடுத்துக்கொள்ளத்தான் கூடாது; படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'ஷாம்பு' சட்டென்று வந்துவிட்டது. 'சொந்தம்' என்பதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அது எந்தப் பாட்டிலிலும் இருந்ததில்லை.

"சொந்தப் பொருள்னு மட்டும் போட்டிருக்கீங்க. சொந்தக் காசுல வாங்கினதுன்னும் போடுங்க சார்" என்றாள்.

அவர் போட்டார். மேனேஜர் கையெழுத்திட்டார். சூப்பர்வைசர் துணிப்பையில் பாட்டில்களைத் தானே ஒவ்வொன்றாக அடுக்கி அவள் கையில் கொடுத்து, "நீங்க அந்தக் கேனை எங்க வாங்கறீங்க?" என்று கேட்டார். இப்போது 'நீங்க' என்று போடுவதுதான் நியாயம்.

"எதுக்கு சார்?"

"எங்க வீட்டுல மூணு பொண்ணுங்க. கடையில விலை எனக்கு மட்டும் குறைச்சா குடுக்கறான்?"

அடுத்த மாதத்திலிருந்து கேனுக்கு ஆறு பங்கு. அவருடைய பாட்டிலின் அடியில் என்ன பெயர் எழுதுவது என்று ஐந்து பெண்களும் பேருந்து நிறுத்தத்தில் நின்று ஆலோசித்து, 'மூக்கு' என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவர் அதைத் தன் பெயரின் தமிழ் வடிவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் திருத்தவில்லை.

பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக வந்தது. போனில் சொன்னபோது கணவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சோப்பு என்ன விலைன்னு சொன்ன?" என்று கேட்டார்.

ஐந்து மாதம் கழித்து இருவரும் வந்து இறங்கினார்கள். பதினாலு வயசுப் பெண்ணாக மகள் வந்தாள், தாயைவிட அரைச் சாண் உயரமாக. இவள் கட்டிக்கொண்டபோது முகம் மகளின் தோளில் புதைந்தது. கணவர் பெட்டியில் நாற்பத்தெட்டு சோப்பு, இருபது பேஸ்ட். சுங்க அதிகாரி, கடை வைக்கப் போகிறாயா என்று கேட்டாராம். "எனக்கு அவர் சொன்னது புரியல. ஆமாம்னு தலையாட்டிட்டேன். அதுக்கப்புறம் அரை மணி நேரம் அங்கயே நின்னோம்" என்றார் கணவர்.

வாடகைக்கு எடுத்தது ஒற்றை அறை, சின்னக் குளியலறை. ஆனால் கதவில் அவள் பெயர் இருந்தது, எழுத்துப் பிழை இல்லாமல். அதை அவளே எழுதி ஒட்டியிருந்தாள். முந்தின நாளே, இந்த வீட்டுக்கென்று தனியாக வாங்கிய கேனிலிருந்து அளந்து ஊற்றி, புதுப் பாட்டில்களின் அடியில் காகிதம் ஒட்டியிருந்தாள். ஒன்றில் 'அவர்'. ஐந்தில் 'பாப்பா'. மற்றவர்கள் பெயரை எழுதி எழுதிப் பழகின கைக்கு அந்த இரண்டு வார்த்தையும் புதிதாக இருந்தன. பாப்பா என்கிற காகிதம் மட்டும் இரண்டு தரம் கோணலாகிப்போய், மூன்றாவதுதான் நேராக வந்தது.

பயணக் களைப்புப் போக மகள் முதலில் குளிக்கப் போனாள். பத்து நிமிஷம் கழித்துக் கதவு இடுக்கில் தலையை நீட்டினாள். தலை முழுக்க நுரை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அஞ்சு பாட்டிலும் தீந்துடுச்சு. பாதி முடிகூட நுரைக்கல. இன்னும் இருக்கா?"

ஒரு மாதப் பங்கு. கணவருக்குக் கணக்குத் தெரியும். ஆறு வருஷமாகப் போனில் கேட்ட கணக்குத்தான். பெண் முதல் நாளே திட்டு வாங்கப் போகிறாள் என்று அவர் சோப்புகளை அடுக்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ட்ரே அக்கா அலமாரிக்கு அடியில் குனிந்தாள். அளவுக் குவளை மேலே கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது, அதை எடுக்கவில்லை. கேனை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. குளியலறைக்குள் போய், காலால் கதவைச் சாத்தினாள்.

"தலையைக் குனி" என்றாள்.